மழை ஒன்று, கல் வேறு: குகை ஏன் அங்கே, சுடுதண்ணீர் ஏன் இங்கே

சுலோவேனியாவில் பொஸ்தோய்னா என்ற ஊரிலுள்ள குகையைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, போனில் இருந்த படங்களைத் திருகோணமலை டச் பே கடற்கரையில் ஒரு மாஸ்ரரிடம் காட்டினேன். ஓய்வு பெற்ற கணித மாஸ்ரர். பின்னேரங்களில் அந்த மணலில்தான் நடப்பார். கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைக் கற்களை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக் கோணேசர் மலையைக் காட்டினார்.

"தம்பி, அதுவும் கல்லுத்தானே. மழை பெய்யுது, கடலும் அடிக்குது. எங்களுக்கு ஏன் இப்பிடி ஒரு குகை இல்லை? இராவணன் வெட்டு ஒன்றுதானே கிடக்கு?"

இராவணன் வெட்டு என்பது அந்த மலையில் இருக்கும் ஒரு பிளவு. அங்கேயே நின்று பதில் சொல்ல வெளிக்கிட்டேன். பாதியில் இருட்டிவிட்டது, நுளம்பும் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குகை. சுவிஸில் இருக்கும் அக்கா குடும்பத்தோடு ஓகஸ்ட் விடுமுறையில் காரில் போனோம். வெளியே நம்மூர் வெயில் போல 30 பாகை. உள்ளே வருடம் முழுவதும் கிட்டத்தட்ட 10 பாகைதான். வாசலில் ஜக்கெற் வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. நடக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு திறந்த குட்டி ரயிலில் ஏற்றுகிறார்கள். இந்தத் தண்டவாளம் 1872 இல் போட்டது. அந்தக் காலத்தில் வழிகாட்டிகளே பெட்டிகளைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்களாம். இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. கூரை சில இடங்களில் அவ்வளவு தாழ்வு, யாரும் சொல்லாமலே எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது கரி. வாசலை ஒட்டிய சுவர்களும் கூரையும் அடுப்படிக் கூரை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை அங்கே எரிபொருளைப் பதுக்கி வைத்திருந்தது. 1944 இல் எதிர்ப்புப் படையினர் அதற்குத் தீ வைத்தார்கள். திருகோணமலைக்காரனுக்கு உடனே சீனக்குடா நினைவுக்கு வரும். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானத் தாக்குதலில் நம்முடைய எண்ணெய்க் குதங்களில் ஒன்றும் இப்படித்தான் எரிந்தது. அந்த உருகிய இரும்பைச் சுற்றி இன்று காடு வளர்ந்துவிட்டது. மழை கழுவிய மிச்சம்தான் கிடக்கிறது. குகைக்குள் கழுவுவதற்கு மழையும் இல்லை, மூடுவதற்குக் காடும் இல்லை. எண்பது வருடத்துக் கரி நேற்றுப் பிடித்தது போல இருக்கிறது. குகைக்குள் ஒன்றைச் செய்துவிட்டால் அது கிடக்கும். இதைப் பிறகும் பார்ப்போம்.

ரயில் நிற்கும் இடத்திலிருந்து நடை. மொத்தம் 24 கிலோமீற்றர் நீளமான குகையில் நமக்குக் காட்டுவது சுமார் 5 கிலோமீற்றர், அதிலும் நடப்பது ஒன்றரைதான். ஒரு மண்டபத்தில் கூரை முழுக்க விரலை விட மெல்லிய வெள்ளைக் குழாய்கள், ஆயிரக்கணக்கில். அவர்கள் அதற்கு ஸ்பகெற்றி மண்டபம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடியப்ப உரலை அழுத்தி, இழை தட்டில் விழுவதற்கு முன் கையை நிறுத்திய மாதிரி என்றுதான் எனக்குப் பட்டது. அடுத்த மண்டபம் சிவப்பு. "மாமா, இது சிவப்பரிசி மா" என்றான் அக்காவின் மகன். நிறத்துக்குக் காரணம் இரும்பு. மேலேயிருக்கும் மண்ணிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த துரு. தூய்மையாக வந்தது வெள்ளை. வழியில் எதையாவது கூட்டிக்கொண்டு வந்தது நிறம்.

சரி, இந்த இழைகள் எப்படி உண்டாகின்றன?

சோடாப் போத்தலில் இருந்து தொடங்குவது சுகம். சோடா என்பது காபனீரொட்சைட்டு கரைந்த தண்ணீர். அது மெல்லிய அமிலம். நாக்கில் சுள்ளென்று படுவது அதனால்தான். மழைத்தண்ணீரும் மிக மெல்லிய சோடாதான். காற்றிலிருந்து கொஞ்சம் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு விழுகிறது. விழுந்தபின் மண்ணுக்குள் இறங்கும்போதுதான் உண்மையான சேர்க்கை நடக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் இந்த வாயு வெளிக்காற்றை விடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு கூட இருக்கும். இப்படி அமிலம் ஏறிய தண்ணீர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்குள் இறங்கினால் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு அகலமாகிறது, அகலமான வழியில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது, இன்னும் கரைகிறது. கடைசியில் ஓர் ஆறே உள்ளே இறங்கிவிடுகிறது. பொஸ்தோய்னாவில் பிவ்கா என்ற ஆறு குகை வாசலுக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் போய், கிலோமீற்றர்கள் தாண்டி வேறு பெயரில் வெளியே வருகிறது. அத்ரியாத்திக் கடல் பக்கத்தில் இருக்க, அந்தத் தண்ணீர் தன்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போய்ச் சேருகிறது. நிலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர் மேலேயிருக்கும் வரைபடத்தை மதிப்பதில்லை.

இது கரைக்கும் பாதி. கட்டும் பாதியும் அதே சோடாக் கணக்குத்தான். கல்லைக் கரைத்துச் சுமந்துகொண்டு ஒரு துளி குகையின் கூரைக்கு வந்து தொங்குகிறது. குகைக் காற்றில் காபனீரொட்சைட்டு மண்ணில் இருப்பதை விடக் குறைவு. மூடி திறந்த சோடா போலத் துளி தன் வாயுவை விட்டுவிடுகிறது. வாயு போனதும் அமிலமும் குறைகிறது. சுமந்த கல்லை இனித் தாங்க முடியாது. ஒரு நூலளவு கல்சியம் காபனேற்றை விளிம்பில் விட்டுவிட்டுத் துளி விழுகிறது. தண்ணீர் ஆவியாவதால் கல் மிஞ்சுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஆழமான குகைக்குள் ஈரப்பதன் நூறு வீதத்தை ஒட்டியிருக்கும். அங்கே ஈரத் துவாய் கூடக் காயாது.

துளியின் விளிம்பில் கல் படிவதால் முதலில் உண்டாவது ஒரு வளையம். வளையத்தின் மேல் வளையம் அடுக்கிக் குழாய். அதுதான் அந்த இடியப்ப இழை, உள்ளே ஓட்டையாக இருக்கும். எப்போதாவது குழாய் அடைபட்டால் தண்ணீர் வெளிப்புறமாக வழிகிறது. இழை தடித்துக் கரட் போலக் கூராகிறது. இதைத் தமிழ்ப் பாடப்புத்தகங்கள் கல்விழுது என்கின்றன. ஆலமரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாத சொல். விழுந்த துளி தரையில் தெறித்து மிச்சக் கல்லையும் விடுவதால் கீழிருந்து எழுவது கல்முளை. அதற்கு நடுவில் ஓட்டை கிடையாது. விழுதும் முளையும் சந்தித்தால் தூண்.

வேகத்தைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது. பத்து வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது அங்கே சொல்லும் சராசரிக் கணக்கு. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது 1622 இல். அன்று சொட்டத் தொடங்கிய ஒரு விழுது இன்றைக்கு 4 சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கும், என் சுண்டுவிரலுக்கும் குறைவு. பொஸ்தோய்னாவில் எல்லாரும் படம் எடுக்கும் வெள்ளைக் கல்முளை ஒன்று இருக்கிறது, உயரம் 5 மீற்றர். அதே கணக்கைப் போட்டால் 50,000 வருடம். மாஸ்ரர் இதைக் கேட்டதும் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "கணக்குச் சரி" என்றார்.

இனி அவருடைய கேள்விக்கு வரலாம். நம்மூர்க் கல்லுக்கு என்ன குறை?

குறை இல்லை, குணம் வேறு. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய, ஆழத்தில் வெந்து உருமாறிய பளிங்குருப் பாறை. திருகோணமலையும் அதில்தான் நிற்கிறது. குவாட்ஸ் நிறைந்த இந்தக் கல்லை மழையின் மெல்லிய அமிலம் கரைப்பதென்றால் கடலைக் கரண்டியால் இறைப்பது போல. கல் வெடிக்கும், பிளக்கும், அலை அந்தப் பிளவைக் குடையும். இராவணன் வெட்டு அப்படியான பிளவு. ஆனால் தண்ணீர் தானாகக் கரைத்து உள்ளே மண்டபம் கட்ட அதில் வழியில்லை. தெற்கே, எம்பிலிப்பிட்டியப் பக்கம், இதே பழைய பாறைக்கு நடுவில் பளிங்காகிப்போன சுண்ணக்கல் பட்டை ஒன்று அகப்படுகிறது. அங்கே வவுல்பனே குகை உண்டாகியிருக்கிறது, வௌவால்களும் குடியேறியிருக்கின்றன. பெயரிலேயே வௌவால் இருக்கிறது. ஆக, நாடு முழுக்கத் தண்ணீர் ஒரே வேலையைத்தான் செய்துபார்க்கிறது. கல் இடம் கொடுத்த இடத்தில் மட்டும் குகை.

கல் இடம் கொடுக்காத இடத்தில் அந்த மழை என்ன ஆகிறது? அதற்குப் பதில் அநுராதபுரம் வீதியில் இருக்கிறது. கன்னியாச் சுடுநீர்க் கிணறுகள். வெடிப்பு வழியே மழைத்தண்ணீர் கீழே கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் சுமார் 25 முதல் 30 பாகை கூடும். ஆழத்தில் சூடேறிய தண்ணீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து மேலே ஏறி ஏழு கிணறுகளில் வருகிறது. எரிமலை எதுவும் இதில் இல்லை. மகாஓயா, மகாபெலஸ்ஸ என்று இலங்கையின் மற்றச் சுடுநீர் ஊற்றுகள் பலவும் இரண்டு பெரிய பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. கன்னியாவும் அந்த வரிசையில் ஒன்று. கரைக்க முடியாத கல்லுக்குள் போன மழை சூடாகித் திரும்புகிறது, அவ்வளவுதான்.

கரைக்க முடிகிற கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் பறந்திருக்கவும் தேவையில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துக் கடலில் சிப்பியும் முருகைக்கல்லும் படிந்து உண்டானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அங்கே வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று: இப்படிப்பட்ட நிலத்துக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் கார்ஸ்ட். அந்தச் சொல் பிறந்தது பொஸ்தோய்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் க்ராஸ் என்ற மேட்டுநிலத்தின் பெயரிலிருந்து. யாழ்ப்பாணத்துக் கிணறு பற்றிய எந்த ஆய்வைப் புரட்டினாலும் அந்தச் சுலோவேனிய ஊர்ப்பெயர் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும்.

கார்ஸ்ட் நிலத்தின் அடையாளம் மேலே ஆறு இல்லாமை. குடாநாட்டில் ஆறென்று சொல்ல வழுக்கையாறு மட்டும், அதுவும் மாரியில். மழை உடனே கீழே போய்விடுகிறது, மக்கள் அதைக் கிணற்றில் சந்திக்கிறார்கள். அங்கத்தைய வீடுகளில் கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படையைச் சுரண்டியவர்கள் குகையின் கல்லைச் சுரண்டியிருக்கிறார்கள். காய்ச்சும்போது வாயு போய்விடுகிறது, கல் மிஞ்சுகிறது. குகையில் 50,000 வருடம் எடுக்கும் வேலையைத் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் பத்து நிமிடத்தில் செய்துகாட்டுகிறது.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ஏன் ரயில் விட்டுக் காட்டும் குகை இல்லை? மாஸ்ரர் இதையும் கேட்டார். விழுது தொங்க வேண்டுமென்றால் குகைக்குள் காற்று இருக்க வேண்டும். பொஸ்தோய்னா கடலிலிருந்து 500 மீற்றர் உயரத்துக்கு மேல். அங்கே ஆறு காலப்போக்கில் கீழ்த் தளத்தை வெட்டிக்கொண்டு இறங்கிவிட, மேல்தளம் காய்ந்து மண்டபமானது. குடாநாடு பெரும்பாலும் கடல்மட்டத்துக்குப் 10 மீற்றருக்குள். கல்லுக்குள் பொந்து எவ்வளவு இருந்தாலும் அது தண்ணீரால் நிரம்பியிருக்கும். அது மூழ்கிய குகை. எங்கேயாவது கூரை இடிந்தால் நிலாவரை.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரையை அடியில்லாக் கிணறு என்பார்கள். அடி உண்டு, சுமார் 50 மீற்றரில். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. அதில் எலுமிச்சம்பழம் போட்டால் கடற்கரையோரக் கீரிமலை ஊற்றில் மிதக்கும் என்பது சின்ன வயதில் எல்லாரும் கேட்ட கதை. பழம் போய்ச் சேருமோ தெரியாது, ஆனால் கதையின் தர்க்கம் சுத்தமான கார்ஸ்ட் ஆராய்ச்சி. 1877 இல் ஜேர்மனியில் இதையே செய்தார்கள். தன்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் ஓரிடத்தில் 10 கிலோ பச்சைச் சாயத்தைக் கொட்டினார்கள். இரண்டரை நாள் கழித்து, 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் என்ற ஊற்று பச்சையாக வந்தது. எங்கள் ஆட்கள் எலுமிச்சம்பழம் போட்டார்கள், அவர்கள் சாயம் போட்டார்கள். இந்தக் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. பழம் போகும் வழியில் உரமும் மலசலகூடக் கழிவும் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்தபோது அந்தப் பகுதி மக்கள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். மண் வடிகட்டும் என்ற நம்பிக்கை சுண்ணக்கல் நிலத்தில் பெரிதாக எடுபடாது. தண்ணீர் அங்கே குழாய்க்குள் ஓடுவது போல ஓடும்.

இன்னொன்றும் தோன்றியது. இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்குக் குடாநாட்டவர்கள் போவது கீரிமலைக்கு, நாங்கள் கன்னியாவுக்கு. இராவணன் தாயின் கிரியைக்காகத்தான் அந்த ஏழு கிணறுகளையும் உண்டாக்கினான் என்கிறது எங்கள் கதை. ஒன்று குளிர்ந்த நீர், மற்றது சுடுநீர். இரண்டும் கல்லுக்குள் போய்த் திரும்பி வந்த மழை.

குகைக்குத் திரும்புவோம். வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொன்னது, தொடாதே. அக்கா ஒரு முறை கையை நீட்டிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல இழுத்துக்கொண்டார் (அன்று அவர் உடுத்திருந்தது ஜீன்ஸ்). விரலில் இருக்கும் எண்ணெய் கல்லில் பட்டால் அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, கல் படியாது. நிறமும் மாறும். விளக்கும் ஒரு தொல்லை. 1884 இலேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. வெளிச்சம் கண்ட இடத்தில் பாசி முளைக்கிறது. விளக்குகளைச் சுற்றிப் பச்சையாக ஒரு வட்டம் பார்த்தேன். இருட்டில் பிறந்த கல்லில் அந்தப் பச்சை ஏதோ தேமல் போல இருந்தது. எல்லாவற்றையும் விட மூச்சு. நாம் விடும் மூச்சில் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றில் இருப்பது போல நூறு மடங்கு. வாயு குறைந்த காற்றில்தான் கல் படியும் என்று மேலே பார்த்தோமே. நெரிசலான மண்டபத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் பனித்து, வாயுவையும் உறிஞ்சி, படிந்த கல்லைத் திரும்பக் கரைக்கத் தொடங்கும். பிரான்சில் லாஸ்கோ குகையின் பழைய ஓவியங்களைப் பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சாலும் விளக்காலும் அவை கெடத் தொடங்கவே, 1963 இல் பொதுமக்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள். பொஸ்தோய்னா பெரியது, காற்றோட்டம் உண்டு, கோடிக்கணக்கான பேரைத் தாங்கியிருக்கிறது. இருந்தாலும் காட்டுவதற்கென்று ஒதுக்கிய பாதை ஒன்றுதான், மற்றதெல்லாம் இருட்டில். அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே பட்டது.

அந்த இருட்டில் வாழும் ஒரு பிராணியைத் தொட்டியில் வைத்துக் காட்டுகிறார்கள். ஓல்ம். பல்லி போன்ற உடல், கண்பார்வை கிடையாது, கழுத்தருகே சிவந்த செவுள். வருடக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். முன்னொரு காலத்தில் வெள்ளத்தில் வெளியே அடித்து வரப்பட்டதைக் கண்டவர்கள் பறவைநாகத்தின் குட்டி என்று பயந்தார்கள். தோலின் நிறத்தை வைத்து இப்போது மனித மீன் என்கிறார்கள். "எந்த மனிசன்ர நிறம்?" என்று அக்கா கேட்டார். 2016 இல் அந்தக் குகையின் காட்சித் தொட்டியிலேயே ஒன்று முட்டையிட்டு இருபதுக்கு மேல் குஞ்சுகள் பொரித்தன, ஊரே கொண்டாடியிருக்கிறது.

அறிவியலுக்கு இந்தக் கற்கள் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்முளையைக் குறுக்கே வெட்டினால் மர வளையம் போல அடுக்கு இருக்கும். யுரேனியம், தோரியம் அளவை வைத்து ஒவ்வோர் அடுக்கின் வயதையும், ஒட்சிசனின் வகையை வைத்து அந்தக் காலத்து மழையையும் கணக்கிடுகிறார்கள். வடகிழக்கு இந்தியாவில் மேகாலயத்தின் மௌம்லூ குகையில் எடுத்த ஒரு கல்முளையில், சுமார் 4,200 வருடத்துக்கு முன் பருவமழை பலவீனமான தடம் தெரிந்தது. அந்தக் கல்லையே அடையாளமாக வைத்து, நாம் இப்போது வாழும் புவியியல் காலத்துக்கு 2018 இல் மேகாலயக் காலம் என்று பெயரிட்டார்கள். வடகீழ்ப் பருவக்காற்றை நம்பி விதைக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தால் கொஞ்சம் உறைக்கும்.

சுண்ணக்கல்லே இல்லாத ஊர் என்று மாஸ்ரர் முடிவு கட்டிவிடப் பார்த்தார். அதுவும் முழுச் சரியில்லை. நிலாவெளிக்கு எதிரே புறாமலையைச் சுற்றி முருகைக்கல் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் கல்லும் ஒரு காலத்தில் இப்படித் தண்ணீருக்குள் இருந்ததுதான். முன்பெல்லாம் கிழக்குக் கரையில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது அதை உடைக்கத் தடை.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கும் தட்டின் கீழே வெள்ளையாக ஏதோ தொங்குவதைக் கண்டேன். நாலைந்து இழை, நீளமானது என் விரலளவு. தாங்கி கசிந்து, சீமெந்துக்குள் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கியிருக்கிறது. வேதியியல் கொஞ்சம் வேறு. குகைத் துளி வாயுவை விட்டுக் கல்லாகிறது, இது காற்றிலிருந்து வாயுவை எடுத்துக் கல்லாகிறது. அதனால்தான் குகையை விடப் பல நூறு மடங்கு வேகம். மாஸ்ரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதிரை போட்டு ஏறிப் பார்த்தார்.

அடுத்த கிழமை கசிவை அடைக்க மேசன் வந்தார். கரண்டியால் ஒரே தட்டு, எல்லாம் தரையில். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஓட்டை.